சேரன்மாதேவி மாத்திரை

காலை ஐந்து ஐம்பது. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அக்காவின் உள்ளங்கையை. அதில் ஐந்து மாத்திரைகள் இருந்தன.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் படுத்திருந்தோம். மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் நடந்து போகிற கூட்டம். பச்சைச் சேலை கட்டிய பெண்கள் சுவரோரம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் எழுந்து உட்கார்ந்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன மாத்திரை என்று கேட்டேன். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இது அம்பாசமுத்திரம். இது வீரவநல்லூர். இந்தச் சின்னது சேரன்மாதேவி. இது நேத்துக் கருங்குளத்துல தந்தாவ. இது நம்ம வீட்டுப் பிரஷர் மாத்திரை."

சிவப்பு வட்டம், நடுவில் கோடு போட்ட நீள வெள்ளை, பட்டாணியில் பாதியளவுள்ள வெளிர் மஞ்சள், இரண்டு நிறக் குளிகை, பழக்கமான சிறிய வெள்ளை. ஊர்களை வரிசை மாறாமல் சொன்னாள். மருந்துகளின் பெயர் ஒன்றும் தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஐந்தையும் வாயில் போட்டு, தொண்டை நனைகிற அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலை மூடினாள்.

அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாள். அத்தான் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்த நேரத்தில், இவர் பிழைத்து வந்தால் வீட்டு வாசலிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் நடந்து வருகிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டாள். அவர் பிழைத்து வந்தார். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. படி ஏறினால் சத்தம் கேட்கும். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டால் அவருக்கு மறுபடி ஏதாவது வந்துவிடும் என்பது அவளுடைய பயம். இதை அவள் வெளியே சொன்னதில்லை. அவள் மகள்தான் எனக்குப் போன் செய்து சொன்னாள், கூடப் போகும்படியும் கேட்டுக்கொண்டாள். நான் பாளையங்கோட்டையில் குழுவோடு சேர்ந்துகொண்டேன். அதற்குள் அக்கா கிட்டத்தட்டப் பாதித் தூரம் நடந்திருந்தாள். பை நிறைய மாத்திரையும் சேர்த்திருந்தாள்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. பானகம், மோர், தர்ப்பூசணிக் கீற்று, வாழைப்பழம், எலுமிச்சைச் சாதம். கொடுக்கிறவர்கள் கும்பிட்டுக் கொடுப்பார்கள், வாங்குகிறவர்கள் கும்பிட்டு வாங்க வேண்டும். செய்துங்கநல்லூருக்கு முன்னால் தொப்பி வைத்த இளைஞர்கள் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தபோதும் அப்படித்தான் நடந்தது. குழுவை நடத்திப்போகிற அண்ணாச்சி இதில் கறாரானவர். சொந்த ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார். முருகன் நீட்டுகிற கையைத் தட்டிவிடக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லியிருந்தாராம்.

மருத்துவ முகாம்களும் அந்த வரிசையிலேயே வருகின்றன. பந்தல், மேசை, ஒலிபெருக்கியில் பாட்டு. ஒரு முனையில் மோர், மறுமுனையில் மாத்திரை. காலைத் தூக்கி வைத்தால் களிம்பு தேய்த்துவிடுகிறார்கள், ஸ்பிரே அடிக்கிறார்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறார்கள். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்கிறார்கள். அக்கா எல்லா முகாமிலும் வாங்கினாள். எல்லா முகாமிலும் சொன்னபடி காலையும் இரவும் போட்டாள். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னதை விடுவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை.

குழு கிளம்புவதற்கு முன் அவள் பையைக் கொட்டிப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தால் நின்று படிப்பது பத்திரிகை அலுவலகத்தில் இருந்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இங்கே படிக்க எதுவும் முழுதாக இல்லை. மருந்தின் பெயர் அட்டையின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, காலாவதித் தேதி மறுபக்கத்தில். வெட்டிய துண்டில் ஒன்று இருந்தால் மற்றது இல்லை. ஒரு துண்டில் கம்பெனியின் முகவரி மட்டும் மிஞ்சியிருந்தது. சேரன்மாதேவி மாத்திரைக்கு அட்டையே கிடையாது. நாளிதழ்த் தாளில் மடித்த பொட்டலத்தில் உதிரியாக இருந்தது.

ஒரே ஒரு அட்டை மட்டும் வெட்டாமல் முழுசாக இருந்தது. பாராசிட்டமால். அதில் ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. இதைப் போட்டிருக்கலாமே என்றேன்.

"அது காய்ச்சல் மாத்திரைல்லா. எனக்கு எங்கன காய்ச்சல் அடிக்கி?"

வீரவநல்லூர்த் துண்டில் மிஞ்சியிருந்த எழுத்துகளைப் பார்த்தால் அதிலும் பாராசிட்டமால் பாதி கலந்திருப்பதுபோல் இருந்தது. அப்படியானால் அதுவும் காய்ச்சல் மாத்திரையா என்று எனக்குக் குழப்பம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அது முழங்காலுக்கு என்று சொல்லிக் கொடுத்தது. ஆகவே முழங்கால் மாத்திரை.

போகிற வழியில் ஒரு மருந்துக் கடை திறந்திருந்தது. துண்டுகளை மேசைமேல் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் இரண்டு விரலால் கலைத்துப் பார்த்தார். எல்லாம் வலி மாத்திரைதான் என்றார். எல்லாம் ஒன்றா, வேறு வேறா என்றேன். வேறு வேறு கம்பெனி என்றார். சேர்த்துப் போடலாமா என்று கேட்டதற்கு, கேஸ் மாத்திரை போடுகிறாரா என்று திருப்பிக் கேட்டார். கருங்குளத்தில் கொடுத்த இரண்டு நிறக் குளிகை அதுதானாம். அதைப் போட்டால் ஒன்றும் செய்யாது என்றார். எனக்கு அது பதில் மாதிரியும் இருந்தது, பதில் இல்லாத மாதிரியும் இருந்தது. கருங்குளத்தில் இடுப்பில் ஓர் ஊசியும் போட்டார்கள் என்று சொன்னேன். ஊசி நல்லதுதான், சீக்கிரம் கேட்கும் என்றார்.

ஆற்றை ஒட்டிய சாலையில் ஆழ்வார்திருநகரியைப் பார்த்து நடந்தோம். இருபுறமும் வாழை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என்னைவிட வேகமாக நடந்தாள். காலில் வலி கொஞ்சமும் இல்லை என்றாள். எல்லாம் சேரன்மாதேவி மாத்திரையின் வேலை என்றும், மற்றதெல்லாம் துணைக்குத்தான் என்றும் சொன்னாள். அதைப் போட்ட அன்றே கால் இலகுவாகிவிட்டதாம். பசியும் எடுத்ததாம். கூட நடந்த ஒரு பெண் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அக்காவின் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. தூக்கம் போதாததால் இருக்கலாம் என்று நினைத்தேன். செருப்பில்லாத பாதம் வீங்கியிருந்தது. இவ்வளவு தூரம் நடந்தால் வீங்காதா? வளையல் மணிக்கட்டில் இறுகியிருந்தது. டீ கொடுத்தார்கள், கும்பிட்டு வாங்கினாள், குமட்டுகிறது என்று என்னிடம் தந்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

"ஏட்டி, குடிச்சா எங்கன போய் ஒதுங்க? ரோடு பூரா ஆம்பளைய வாராவ. முருகன் புண்ணியத்துல எனக்கு அந்தத் தொந்தரவே இல்லை பாத்துக்க. நேத்து மத்தியானத்துல இருந்து வரவே இல்லை."

பக்கத்தில் நடந்தவள் சிரித்தாள். "உங்களுக்கென்னக்கா, கொடுத்து வச்சவிய. நான் ஊரூரா சந்து பாத்துக்கிட்டு வாரேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நானும் அன்று காலையிலிருந்து இரண்டு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. அந்தச் சாலையில் நடக்கிற எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை. மோரையும் பானகத்தையும் கும்பிட்டு வாங்கி உதட்டை நனைத்துவிட்டுக் குழந்தைகளிடம் கொடுப்பார்கள்.

ஆழ்வார்திருநகரிக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியில் ஒரு முகாம் இருந்தது. பாட்டு இல்லை. மேசைக்குப் பின்னால் இளவயது டாக்டர் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவள் எடுத்தவுடன் கொடுக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால் வரிசை நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "மாத்திரை குடுக்காவளா, பரீட்சை வைக்காவளா?" என்றார்.

அக்காவின் முறை வந்ததும் வழக்கப்படி கும்பிட்டுக் கையை நீட்டினாள். டாக்டர் மாத்திரை வைக்கவில்லை. நீட்டிய கையின் மணிக்கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாக நின்றது. பிறகு குனிந்து பாதத்தில் அழுத்தினாள். என்னென்ன போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டாள்.

அக்கா பையைக் கவிழ்த்து ஊர் ஊராகச் சொன்னாள், சேரன்மாதேவி மாத்திரையால் பசி எடுத்ததையும் சேர்த்து. டாக்டர் சிரிக்கவில்லை. பேனா முனையால் துண்டுகளைத் தள்ளிப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் மேசையோரம் நின்று பார்த்தேன்.

அம்பாசமுத்திரம் டைக்ளோஃபெனாக். வீரவநல்லூர் அசெக்ளோஃபெனாக், கூடவே பாராசிட்டமால். கருங்குளத்து ஊசி என்னவென்று சீட்டு இல்லை, ஆனால் முகாமில் இடுப்பில் போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான் என்றாள். அப்படியானால் இந்த மூன்றும் ஒரே குடும்பம். இபுப்ரோஃபெனும் அதே குடும்பம்தானாம். வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை. ஒரு சமயத்தில் ஒன்றுதான் போட வேண்டும், அதுவும் குறைந்த நாளைக்கு. நிறம் வேறாக இருப்பதால் வேறு மருந்து ஆகாது. ஊசியாகப் போனாலும் அதே மருந்துதான், போகிற வழிதான் வேறு. களிம்பிலும் ஸ்பிரேயிலும் அது இருக்கலாம், தோல் வழியாகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். மாத்திரை தீர்ந்துபோன இன்னொரு துண்டைத் தனியாக வைத்தாள். வயிறு இழுத்துப் பிடிக்கிற வலிக்கானது, முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்கா ஏதோ ஒரு முகாமில் வலி என்று மட்டும் சொல்லியிருப்பாள்.

கேஸ் மாத்திரை போட்டால் ஒன்றும் செய்யாது என்றார்களே என்றேன்.

"வயித்துப் புண்ணுக்குத்தாங்க அது காவல். கிட்னிக்கு இல்ல" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, கடைசியா ஒண்ணுக்கு எப்ப போனீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். வரிசையில் ஆண்கள் நின்றார்கள். நான்தான் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடினாள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடக்கிறவர், இந்தக் குடும்பத்து மாத்திரையை மூன்று வழியில் எடுக்கிறவர். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொள்ளும் என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப ஓட வாய்ப்பு அதிகம். திருச்செந்தூர் வரை நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

மேசையில் வெளிர் மஞ்சள் மாத்திரைகள் மட்டும் மிச்சம் இருந்தன. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அதன்மேல் எழுத்தோ கோடோ இல்லை.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள். ஸ்டீராய்டாக இருக்கலாம், போட்டதும் பசி எடுத்தது என்றால் அந்தச் சந்தேகம் வரும், வேறாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றாள். நான் அதையே மறுபடி கேட்டேன். அவளும் அதையே மறுபடி சொன்னாள்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாக நடக்கிறாள், பின்னே எதற்கு ஆஸ்பத்திரி என்பது அவள் வாதம். வலியே இல்லாதவளை வலி மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவதை என்னாலும் சரியாக விளக்க முடியவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். முருகன் நீட்டுகிற கையைத் தட்டக் கூடாது என்று சொன்னவர் அவர்.

"பாதியில நின்னா அவியளுக்கு என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் அக்கா. அப்போதுதான் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

அவர் மரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

"இந்தப் புளியமரம் எங்கயும் போவாதும்மா. அடுத்த வருசம் இதுல இருந்து நட. அந்த டாக்டரம்மாவும் கையைத்தான நீட்டுதாவ?"

அது சமாதானமா, அந்த நேரத்துக்குத் தோன்றிய சமாளிப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது. அக்கா ஆட்டோவில் ஏறினாள். சேரன்மாதேவிப் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது. அதை டாக்டர் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வலி மாத்திரைகள் அத்தனையும் நிறுத்தம். பிரஷர் மாத்திரையையும் இப்போதைக்கு நிறுத்தினார்கள். கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, மூத்திரத்தை அளக்க ஒரு பிளாஸ்டிக் பையை இணைத்து, கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டார்கள். பையில் எதுவும் இல்லை. அது நிறையாவிட்டால் டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். அன்று பகல் முழுவதும் நானும் அக்காவும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அதை முதலில் சேலைத் தலைப்பால் மூடி வைத்தாள். பார்க்க முடியவில்லையே என்று நர்ஸ் எடுத்துவிட்டார்.

மத்தியானம் அத்தான் போன் செய்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்ன மருந்துகளின் பெயர்களையும் சொன்னேன்.  தினமும் ராத்திரி தான் போடுகிற சின்ன மாத்திரை ஆஸ்பிரின்தானே, அதையும் வலி மாத்திரை என்றுதானே மில்லில் தலைவலிக்குப் போடுவார்கள், அதையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வார்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆஸ்பிரினும் அந்தக் குடும்பம்தான், ஆனால் சிறிய அளவில் கொடுப்பது இரத்தம் உறையாமல் இருக்க, அதை அவர் ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது என்றார். நான் அதை அப்படியே அத்தானிடம் சொன்னேன். ஒரே குடும்பத்து மருந்து அவருக்குக் கட்டாயம், இவளுக்குக் கூடாது. திருப்பிச் சொல்லும்போது எனக்கே சரியாகச் சொல்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது.

"அப்ப நான் போடட்டுமா, வேண்டாமா?" என்றார் அத்தான்.

"நீங்க போடுங்கத்தான். அவதான் போடக் கூடாது."

"அவ எனக்காவல்லா நடந்தா" என்றார். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்காவுக்கு முழங்கால் வலி திரும்பியது. மருந்துகளின் வேகம் ஒவ்வொன்றாக இறங்க, நடந்த தூரம் முழுவதும் காலில் வந்து உட்கார்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று நான் கேட்டேன். நர்ஸ் ஒரு மாத்திரையைக் கொண்டுவந்தார். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பையிலேயே வெட்டாமல் கிடந்த அதே பாராசிட்டமால்.

"இது காய்ச்சல் மாத்திரைல்லாம்மா. எனக்குக் கால்லா வலிக்கி."

இப்போதைக்கு உங்கள் காலுக்கும் இதுதான், அதுவும் நாங்கள் சொல்கிற அளவில் மட்டும் என்றார் நர்ஸ். அக்கா கும்பிடாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழு வலியும் போகவில்லை. தூங்குகிற அளவுக்குக் குறைந்தது என்றாள்.

பை அன்று நிறையவில்லை. மறுநாள் விடியும்போது அடியில் கொஞ்சம் இருந்தது, தேயிலைத் தண்ணீர் நிறத்தில். அதற்கு அடுத்த நாள் நிறம் வெளுத்தது, அளவு கூடியது. பெரிய டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அண்ணாச்சி திருச்செந்தூரிலிருந்து திரும்புகிற வழியில் விபூதி கொண்டுவந்து கொடுத்தார். அர்ச்சனையும் செய்ததாகச் சொன்னார். அத்தான் பெயருக்கா, தன் பெயருக்கா என்று அக்கா கேட்டாள். இரண்டு பெயருக்கும் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும், யார் கொடுத்தாலும் வலி மாத்திரை வாங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். யார் கொடுத்தாலும் என்பதை அக்கா பேருந்தில் இரண்டு முறை எனக்குச் சொல்லிக் காட்டினாள். முருகன் கொடுத்தாலுமா என்று கேட்டாள்.  மடியில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தாள். பேட்டை தாண்டுவதற்குள் அதைக் குடித்து முடித்தாள்.

சேரன்மாதேவி பேருந்து நிலையத்தில் பேருந்து நின்றதும் அக்கா கம்பியைப் பிடித்துப் பைய இறங்கிக் கழிப்பறைக்குப் போனாள்.